ஆடு ஏற்றிய படகும் வெள்ளைப் படகும்

பழைய படகு விற்றுப் பிழைக்கும் என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும்: வாங்க வருகிறவர் ஒருவர், ஆலோசனை சொல்லக் கூடவே வருகிறவர்கள் ஊரளவு.

அழகான படகு

ஒஸ்லோ நகரத்து எல்லிங்ஸ்ருட்டில் இருந்து வாசுகி வந்தார். பஸ் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஒஸ்லோக் குடாவில் சுற்ற ஒரு படகு வேண்டும் என்றார். கூட வந்தவர்கள் இருவர்: மகள் நிலா, பதினைந்து வயது, சக்கர நாற்காலியில்; பிறகு வாசுகியின் அண்ணன், பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு வாங்கியவர், கறுப்புக் கண்ணாடியோடு.

வெள்ளைப் படகைப் பார்த்ததும் அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. உள்ளே படுக்கை, சமைக்கக் குசினி, பளபளக்கும் தேக்குப் பலகை. ஆனால் ஏறுவதற்கு ஒடுக்கமான ஏணி. உள்ளே இறங்க இன்னொன்று. வாசுகி மகளைப் பார்த்தார். அண்ணன் அதற்குள் மேலே ஏறி நின்று சொன்னார்: "பிள்ளை கரையிலை இருக்கட்டும். ஆராவது மாறி மாறிப் பாக்கலாம்தானே."

அசிங்கமான படகு

எங்களிடம் இன்னொன்றும் நின்றது. சாம்பல் நிற அலுமினியப் படகு. முன்பக்கம் கதவுபோலக் கீழே இறங்கும். நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம். முந்தின சொந்தக்காரர் அதில் தீவுக்கு ஆடு கொண்டுபோனவர். எத்தனை தரம் கழுவியும் மணம் போகவில்லை.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்கோ, வெள்ளைதானே நல்லது?" என்று அண்ணன் என்னைப் பிடித்தார்.

"நல்லதுதான். ஆனா பிள்ளையை விட்டுட்டுப் போறதுக்கு நான் படகு விக்கிறேல்லை," என்றேன். எங்கள் நோர்வேஜிய முதலாளி பக்கத்தில் நின்றாலும், அவருக்கு விளங்காத தமிழில் எனக்குத் துணிச்சல் கூடத்தான்.

அண்ணனின் முகம் கறுத்தது. "ஆடு ஏத்தின படகிலை போனால் சனம் என்ன சொல்லும்?"

வாசுகி திரும்பியும் பார்க்கவில்லை. "சனத்தை ஏத்த நான் படகு வாங்கேல்லை, அண்ணா."

வெள்ளோட்டம்

முன்கதவை இறக்கினேன். நிலா யாரையும் தள்ளவிடாமல் தானே உருட்டி ஏறினாள். சுக்கானுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திப் பட்டியால் இறுக்கினேன். அண்ணன் வரமாட்டேன் என்று கரையில் நின்றுகொண்டார். தீவுகளுக்கு நடுவே போனபோது தண்ணீர் முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடவில்லை. சுக்கானை அவள் கையில் கொடுத்தேன். வாசுகி மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. திரும்புவோமா என்று கேட்டேன். அவள் சுக்கானை விடவில்லை.

"இப்ப வேண்டாம் அங்கிள். வகுப்புப் பிள்ளையள் தீவுக்குப் போற நாளெல்லாம் என்னை லைப்ரரியிலைதான் இருத்தினவை. மழை பெய்யட்டும், நான் தீவைச் சுத்திப் பாத்திட்டுத்தான் வருவன்."

சுற்றினோம். மூன்று பேரும் தெப்பமாக நனைந்தோம். வாசுகி அந்தச் சாம்பல் படகையே வாங்கினார்.

இப்போது ஞாயிறுதோறும் அண்ணனும் அதில் முன்னுக்கு உட்கார்ந்து நிலாவுக்கு வழி சொல்லிக்கொண்டு போகிறாராம். ஆலோசனை சொல்கிறவர்களுக்கு மட்டும் எந்தப் படகிலும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.