ஆறு கை மிருகமும் மாலா அக்காவின் தொடர்கதையும்

நகல் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த தாளின் சூட்டைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்திருக்கிறீர்களா? விஞ்ஞானக் கதை என்றதும் எனக்கு இன்றும் அந்தச் சூடுதான் முதலில் வரும், விண்கலமெல்லாம் பிறகுதான். சுவிஸ் நாட்டின் பாசல் நகரில் எங்கள் கீழ்வீட்டிலிருந்த சிவம் அண்ணை, உணவகச் சமையலறை வேலை போக மிஞ்சிய நேரத்தில், விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். தாள்களை மடித்துப் பின் அடிப்பது அந்த மாடிக் கட்டடத்துப் பிள்ளைகளான எங்கள் வேலை.

மேல்வீட்டு மாலா அக்கா அதில் தொடர்கதை எழுதினார். பனி மூடிய கோளொன்றில் தனித்திருக்கும் ஒரு பெண், பனிக்கு அடியிலிருந்து வரும் சத்தம் என்னவென்று கண்டுபிடிக்கப் பார்ப்பாள், அவ்வளவுதான் கதை. தண்ணீர் என்றேன் நான், இயந்திரம் என்றான் தம்பி. சோறு ஆறும்வரை சண்டை பிடிப்போம்.

சிவம் அண்ணைக்கு அமைதி ஆகாது. "கதையெண்டால் கறி மாதிரிக் கொதிக்க வேணும்" என்பார். அட்டையில் இரத்தம் ஒழுகும் பல் வரைவார், எந்தக் கதைக்கும் "பயங்கரம்!" என்று தலைப்பு வைப்பார். அதுவரை எல்லோரும் பொறுத்தார்கள். ஒரு மாதம், மாலா அக்காவின் அத்தியாயத்துக்குள் தானே ஓர் ஆறு கை மிருகத்தை நுழைத்து, அது பனியைப் பிளந்து வந்து அந்தப் பெண்ணைத் தூக்கிப்போவதாக முடித்துவிட்டார். அவள் அலறினாளாம், அதுவும் அரைப் பக்கத்துக்கு.

"அவள் அலறுற ஆள் இல்லை, அண்ணை. இனி ஒரு வரியும் தரமாட்டன்" என்று சொல்லி அக்கா மேலே போய்விட்டார். இனி அந்தச் சத்தம் என்னவென்று யார் சொல்வது?

வாசகர்களும் கண்டித்து எழுதினார்கள். அண்ணை அதையும் விடவில்லை, "எரிமலையாய் வெடித்த வாசகர்கள்!" என்று தலைப்பிட்டு, அவர்கள் எழுதாத வசையையும் சேர்த்துப் போட்டார். அதோடு ஒரு ஞாயிறு லுசேர்ண், துன் நகரங்களிலிருந்து ரயிலேறி வாசகர்களே வந்துவிட்டார்கள்.

"நான் 'கவலையாயிருக்கு' எண்டுதானே எழுதினன். நீங்கள் 'இரத்தம் கொதிக்குது' எண்டு போட்டிருக்கிறியள். மனிசி எனக்குப் பிரஷர் எண்டு பயந்துபோனா" என்றார் லுசேர்ண்காரர்.

எல்லோரும் சிரிக்க, அண்ணை மட்டும் முறைத்தார். "மிருகம் இல்லாட்டி இதை ஆர் வாசிப்பினம்?"

"அப்ப நாங்கள் ஆர்? மிருகத்தைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார் துன்னிலிருந்து வந்த மாமி.

அண்ணை எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிவிட்டு மேல்வீட்டுக்குப் படியேறினார், நாங்களும் பின்னால்.

"அந்த மிருகத்தைச் சாக்காட்டிவிடு, பிள்ளை. இனி நான் ஒரு எழுத்தும் தொடமாட்டன்."

"அது பாவம், அண்ணை. ஏன் வந்ததெண்டு முதலிலை பாப்பம்" என்றார் மாலா அக்கா.

அடுத்த இதழில் பார்த்தார். மேலே யாரோ நடக்கும் ஓசை கேட்டு, அது யாரென்று அறிய அந்த மிருகம்தான் இத்தனை நாளும் பனியைத் தட்டிக்கொண்டிருந்ததாம். அண்ணை ஓர் எழுத்தும் தொடவில்லை.

பத்திரிகை பிறகு நின்றுபோனது, என்னிடம் ஒரு பிரதிகூட இல்லை. இன்று என் மகள் கைபேசியில் படிக்கும் கதைகளின் கீழே முகம் தெரியாதவர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். எழுதியவரின் வீடுதேடி வந்து, அவர் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே சண்டை பிடிக்கும் வாசகர்களைத்தான் காணவில்லை.