சீட்டை மட்டும் அனுப்பினேன்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். முருகக் கடவுள்மேல் பழி போட்டதாகிவிடுமோ என்று பயம்.

தீவின் வடகோடியில் உள்ள திக்லிபூரில் நாங்கள் குடியேறிய புதிதில், மூன்று வயது மகள் வள்ளிக்கு வலிப்பு வந்தது. போர்ட் பிளேயர் டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்து, "மூணு மாசத்துக்கு ஒருதரம் குழந்தையைக் கொண்டாந்து காட்டணும்" என்றார். வலிப்பு நின்றது. கப்பல் பயணத்துக்குப் பயந்து, போகிறவர்களிடம் பழைய சீட்டை மட்டும் கொடுத்தனுப்பி மாத்திரை வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

வள்ளி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "உன் மவ சாமிப் புள்ளடி. என் வீட்டுக் குரங்குங்களையும் உன்கிட்ட விடட்டா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பாள். முருகன் கொடுத்த சாந்தம் என்று நானும் பூரித்தேன்.

பள்ளியில் சேர்த்ததும் வங்காளி மாஸ்டர், "பஹன்ஜி, லட்கி சோத்தி ரஹ்தி ஹை" என்று, அவள் தூங்கி வழிவதைச் சொன்னார். அவளோடு கப்பலேறினேன்.

டாக்டரம்மா சீட்டைத் தூக்கிக் காட்டினார். "இந்தச் சீட்டுக்கா வலிப்பு? வளர்ற மூளைம்மா. வலிப்பை அடக்குற மருந்து சுறுசுறுப்பையும் சேர்த்து அமுக்கலாம். பாத்துப் பாத்து அளவை மாத்தத்தான் வரச் சொன்னேன்."

"இன்னிக்கே நிறுத்திடட்டுமா?"

"ஐயோ, ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு திரும்பிடும். நான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் வள்ளியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

குறைத்த பிறகு ஓடினாள், அடம் பிடித்தாள். படிப்பு பின்தங்கியே நின்றது. நோயாலா, மருந்தாலா, யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றும் விளக்கேற்றுகிறேன், வேண்டுதல் எதுவும் வாயில் வருவதில்லை.

பிறருக்குச் சொல்கிறவர்கள் இதை உள்ளபடியே சொல்லுங்கள். "அப்புறம் குழந்தை முழுசாத் தேறிட்டா" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.