கடல் விட்டுப்போன கப்பல்

ஒரகடம் ஃபேக்டரியில் நாங்கள் பாகங்களைப் பூட்டி முடித்த லாரிகள் நமீபியாவுக்குப் போயின. அங்குள்ள மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னையும், என் லைனில் வேலை பார்த்த பென்னலூர் அண்ணனையும் அனுப்பினார்கள். எதையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார் அவர். ஞாயிற்றுக்கிழமை, பாலைவனத்தில் ஒரு பழைய கப்பல் நிற்கிறது, பார்க்க வருகிறீர்களா என்று எங்கள் டிரைவர் கேட்டார்.

காலை முழுக்க மணலிலேயே போனோம். ஒரு மேட்டைத் தாண்டியதும் கப்பல் தெரிந்தது. கடலைக் காணோம். கரையில் மணல் சேர்ந்து சேர்ந்து, கடல் வெகுதூரம் தள்ளிப் போய்விட்டதாம். பாதி புதைந்து, துருப்பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது கப்பல். டிரைவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

பக்கவாட்டில் தகடு கிழிந்த ஓட்டை வழியாக அண்ணன் குனிந்து உள்ளே போனார். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். வெகு நேரமாகியும் அவர் வரவில்லை. கூப்பிட்டேன். என் குரல் உள்ளே எங்கோ போய், வேறு யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி வந்தது. பிறகுதான் அவர் வெளியே வந்தார். கையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் இல்லை.

"உள்ள ஆளுங்க கீறாங்கப்பா," என்றார். "தட்டிக்கினே கீறாங்க. தண்ணி வச்சிட்டு வந்தேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

பாட்டிலை எடுத்துவர நான் உள்ளே போனேன். அதன் பக்கத்தில் மூடி திறக்காத பழைய பாட்டில்கள் வரிசையாக நின்றன. தட்டும் சத்தம் எனக்கும் கேட்டது. வெயிலில் தகடு விரியும் சத்தம்தான், ஃபேக்டரி கூரையில் தினமும் கேட்பதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இது தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல நின்றது. எனக்கு என்ன தோன்றியதோ, விரலை மடக்கித் தகட்டில் தட்டினேன். எல்லாம் அடங்கிவிட்டது. பிறகு காலுக்குக் கீழே, மணலுக்குள் புதைந்த பக்கத்திலிருந்து, மெதுவாக ஒரே ஒரு தட்டு.

பாட்டிலைத் தொடாமல் வெளியே ஓடிவந்தேன். முதல் தடவை வந்தபோது தானும் ஒரு பாட்டில் வைத்ததாக மட்டும் டிரைவர் சொல்லி, வண்டியைத் திருப்பினார்.

ஊர் திரும்பிய பிறகு கேன்டீனில் பையன்கள் போட்டோக்களைப் பார்த்தார்கள். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். பின்னாலேயே போய், அன்று எனக்கும் கேட்டது என்றேன்.

"தெரியும்பா. உன் மூஞ்சிலயே தெரிஞ்சிது," என்றார் குழாயை மூடியபடி. "வூட்ல சொல்லிக்கினு இருக்காத. அப்புறம் எங்கயும் அனுப்ப மாட்டாங்க."