கட்டிலுக்கு அடியில் உருகிய இலவசம்

உங்கள் கடையில் ஏசியோடு இலவசமாகக் கொடுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எட்டு மாதக் கர்ப்பிணியான என் மகளின் கட்டிலுக்கு அடியில் உருகியது. அதற்குக் காரணம் கடைக்காரரான நீங்கள்தான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள். டி.சி. எழுதுகிற மாதிரிதான் எதையும் எழுதுவேன்.

ஈஸ்டர் முடிந்ததும் மகளைப் பிரசவத்துக்கு உசிலம்பட்டியிலிருந்து பழங்காநத்தத்துக்கு அழைத்து வந்தோம். எங்களுடையது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வாடகை வீடு. சித்திரையில் சுவரைத் தொட்டால் சுடும். இரண்டாம் நாளே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“அங்கனயே இருந்திருப்பேன்மா. வேப்பமரக் காத்தாவது வரும். இங்க என்னைய இட்லி மாதிரி அவிக்கிறீங்க.”

சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை. அதனால்தான் சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டு போகிற ஏசியைத் தேடி உங்கள் கடைக்கு வந்தோம். “ஃபிரிட்ஜ் மாதிரிதான் மேடம். ப்ளக்கைச் சொருகுங்க, சுவிட்சைப் போடுங்க, அம்புட்டுத்தான்” என்றீர்கள். சூட்டை வெளியேற்றுகிற குழாயை என்ன செய்வது என்று கேட்டேன். “சன்னல்ல மாட்டிக்கங்க.” எங்கள் வீட்டில் ப்ளக் பாயிண்ட் தூரத்தில் இருக்கிறதே என்றதும் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து நீட்டினீர்கள். “ஃப்ரீ மேடம்.” என் கணவருக்கு வாங்கிய ஏசியே மறந்துபோனது. பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

சன்னலில் பொருத்த ஒரு பிளாஸ்டிக் பலகையும் வந்திருந்தது. பக்கவாட்டில் இழுத்துச் சாத்துகிற கண்ணாடிச் சன்னலுக்கு உண்டானது அது. எங்கள் தெருவில் எந்த வீட்டில் ஐயா அப்படிச் சன்னல் இருக்கிறது? எங்களுடையதில் வெளிப்பக்கம் திறக்கிற மரக்கதவு, இரும்புக் கம்பிகள், அதற்கு மேல் கொசுவலை. யானைத் தும்பிக்கை பருமனில் இருந்த குழாய் கம்பிக்குள் நுழையவில்லை. கணவர் யோசித்துவிட்டுக் குழாயை ஹாலுக்குள் விட்டு, மகளின் அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“உள்ள ஊட்டி. வெளிய எப்படி இருந்தா நமக்கென்ன?” என்றார்.

வெளியே ஹாலில் இருந்தவள் நான். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரை கையிலேயே வதங்கியது. உள்ளேயும் ஊட்டி வரவில்லை. ஹாலுக்கு வந்த சூடு கதவிடுக்கு வழியாகத் திரும்ப அறைக்கே போய்க்கொண்டிருந்தது. மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது.

ஏசி வந்த மூன்றாம் நாள் மதியம் கருவாட்டு வாடை அடித்தது. எதிர்வீட்டில் வறுக்கிறார்கள் என்று நினைத்து, நல்ல வெயில் பார்த்து வறுக்கிறார்களே என்று திட்டினேன். மகள் தூங்குகிற அறைக்குள் போனால் வாடை அதிகமாக இருந்தது. கால் தட்டக்கூடாது என்று கணவர் வயரைச் சுருட்டி, பாக்ஸோடு கட்டிலுக்கு அடியில் தள்ளி, பழைய போர்வையால் மூடியிருந்தார். எங்கள் தப்பு அது, மறைக்கவில்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து மகளை உலுக்கினேன்.

“இப்பத்தான்மா கண்ண மூடுனேன்!”

“மூடுனது போதும், எந்திரிச்சு நட!”

துடைப்பக் கட்டையால் போர்வையை விலக்கினேன். ஏசியின் ப்ளக் பாக்ஸோடு உருகி ஒட்டியிருந்தது. போர்வையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல்.

சாயங்காலம் சமயநல்லூரிலிருந்து எலக்ட்ரீசியன் வந்தார். பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எக்கா, செல்லுக்கு சார்ஜ் போடுற பெட்டியிலயா இம்புட்டுப் பெரிய மெஷின மாட்டுனீக?”

“கடையில ஃப்ரீயா குடுத்தாங்க மாப்ள” என்றார் கணவர்.

“பாடையக்கூடத்தான் நாலு பேரு ஃப்ரீயா தூக்குவாக. ஏறிப் படுத்துருவீகளாண்ணே?”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீட்டர் பெட்டியிலிருந்து தடித்த வயரில் தனி லைன் இழுத்து, எர்த்தோடு பெரிய ப்ளக் பாயிண்ட் வைத்தார். உருகிய ப்ளக்கை வெட்டிவிட்டு ஏசிக்குப் புதுசு மாட்டினார். சுமை கூடினால் தானாக விழுகிற சுவிட்சும் போட்டார். கொசுவலையைக் கழற்றி, கம்பிக்கு உட்பக்கம் சன்னல் அளவுக்கு ப்ளைவுட் வெட்டி, வட்டமாகத் துளைத்து, குழாய் வாயை அதில் பொருத்தி இடுக்கையெல்லாம் ஃபோம் ஒட்டி அடைத்தார். குழாய் வளையாமல் நேராக நின்றது. அரைமணி நேரத்தில் மகள் போர்வை கேட்டாள்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சர்ச்சுக்குப் போய் வந்ததும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி நிழலில் காயவைக்கிறேன். பைபாஸ் ரோட்டுத் தூசி கம்பளி மாதிரி உரிந்து வருகிறது. ஏசிக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடுவேன். அந்தத் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று கணவர் எலக்ட்ரீசியனுக்கு போன் போட்டார். “தெருத்தூசி பூராம் அதுலதான் இருக்குண்ணே, பேட்டரியையும் கொல்லணுமா?” என்று பதில் வந்தது.

உருகிய பாக்ஸை மஞ்சப்பையில் போட்டு உங்கள் கடைக்குக் கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா? கவுண்டரில் ஒரு தம்பதி அதே ஏசிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டி மேல் அதே பாக்ஸ்.

“உள்ள வாங்க மேடம், உக்காந்து பேசுவோம்.”

“இங்கனயே பேசுங்க.”

“மேனுவல்ல தெளிவா போட்டிருக்கு மேடம், எக்ஸ்டென்ஷன்ல மாட்டக் கூடாதுன்னு.”

“அப்புறம் எதுக்கு அதக் கையில குடுத்தீங்க?”

குரலைத் தாழ்த்தி, “வேணும்னா வேற பாக்ஸ் ஒண்ணு தர்றேன்” என்றீர்கள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அந்த அறையில்தான் தூங்குகிறது. எங்கள் வீடு தப்பிவிட்டது. மற்ற வீடுகள்? வாங்கியவர்கள் எல்லோருடைய போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி என்றால் எனக்கே ஒரு நாளைக்கு மூன்று மெசேஜ் அனுப்புகிறீர்கள். அந்த பாக்ஸைக் கழற்றித் தூரப் போடச் சொல்லி எத்தனை பேருக்கு மெசேஜ் அனுப்பினீர்கள்? கடை வாசலுக்கு வந்து, வாங்க வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்று, சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.