அக்காவின் மூச்சும் என் சுண்டுவிரலும்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவள் என் அக்கா. சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று நின்றே இருமல் பிடித்து, சர்ச் பாட்டுக்குழுவிலிருந்து விலகியிருந்தாள். கிறிஸ்துமஸ் அன்று தனியாக ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகப் பாதிரியார் சொன்னார்.

நான் இடதுகைக்காரன். பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, தந்திகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டியிருந்தேன். அக்காவின் குரலுக்காகச் சுருதியையும் இறக்கினேன். புத்தகம் பார்த்து ‘சஸ்பெண்டட்’ கார்டு என்கிற சுரக்கூட்டுகளைப் பழகினேன். சுண்டுவிரலைக் கூடுதலாக ஒரு தந்தியில் வைத்தால் இசை முடியாமல் தொங்கும். விரலை எடுத்தால்தான் அடங்கும்.

“நீ விரலை எடுத்தாத்தான் நானும் நிறுத்துவேன். ஜாஸ்தி இழுக்காதடா, எனக்கு மூச்சு கம்மி” என்றாள்.

கிறிஸ்துமஸ் காலையில் கடைசி அடியில் அந்தக் கார்டை வாசித்தேன். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். அந்தப் பெருமையில் விரலை எடுக்க மனம் வரவில்லை. அக்காவின் குரல் காத்து நின்றது, நடுங்கியது. பிறகு இருமல். குனிந்தவளால் பாட்டை முடிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும், “இன்னாடா, விரலு ஒட்டிக்கிச்சா?” என்று சிரித்தாள். பாதிரியாரிடம் அவளே போய், “என் எடத்த வேற பொண்ணுக்குக் குடுங்கய்யா” என்றாள்.

இப்போதும் சர்ச்சில் வாசிக்கிறேன். அந்தக் கார்டு வந்தால் என் விரல் உடனே எழுந்துவிடுகிறது. “இன்னும் கொஞ்சம் இழுப்பா” என்கிறார்கள் பாடுகிறவர்கள். என்னால் முடிவதில்லை.