புதன்கிழமை வாளி

எங்கள் அரிப்பு ஊர்க் கரையில், வலையில் மீனோடு கடல் முயல்களும் ஏறும். ஊதாச் சாயம் கக்கி வலையைப் பாழாக்கும் அந்த ஓடில்லாத நத்தையை யாரும் விரும்புவதில்லை. அதைத் தேடி ஒரு மனிதர் புதன்கிழமைதோறும் வந்தார். பெயர் கேட்கவில்லை, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர் என்பதால் கம்பஸ் சேர் என்போம். ஒல்லியான ஆள். காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வருவார்.

முதல் வாரம் அவருக்கென்று எடுத்துவைத்த கடல் முயல்களுக்கு, மீனுக்குப் போடுவதுபோல ஐஸ் போட்டுவிட்டேன். எல்லாம் செத்துப்போயின. அவர் ஏசவில்லை. "உயிரோட வேணும் அண்ணை. கடல் தண்ணி போதும்" என்றார்.

வள்ளம் வரும்வரை வாளி மூடியில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார். நாலைந்து தட்டு வேகமாக, பிறகு ஓய்வு, மறுபடியும் தட்டு. ஒருநாள் அது என்னவென்று கேட்டேன்.

"இதின்ர நரம்புக் கலம் ஒண்டைத் தனியப் பிரிச்சுக் கண்ணாடித் தட்டில வைச்சாலும் இப்பிடித்தான் கரண்ட் அடிக்கும். ஆரும் தூண்டத் தேவையில்லை."

"தனிய இருந்துகொண்டு ஆருக்குச் சேர் அடிக்குது?"

விரல் நின்றது. "ஒருத்தருக்கும் இல்லை. அது தன்ர பாட்டில அடிக்கும்."

போன மாரியோடு அவர் வருவது நின்றுவிட்டது. காரணம் தெரியாது. புதன்கிழமைகளில் நான் இன்னும் ஒரு வாளி கடல் தண்ணீரில் கடல் முயல்களைப் போட்டு வைக்கிறேன். "ஆருக்கு மச்சான் வைக்கிறாய்?" என்று கூட்டாளி கேட்கிறான். பொழுதுபட, வாளியைக் கடலில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.