அக்காவுக்கென்று வாங்கிய தூக்குப்போசி

அம்மாவுக்கு நான் செய்த கொடுமைகளில் பெரியது எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆழியாறு அணைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில், சாப்பாட்டுக்கு நடுவே நான் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். அந்த வீட்டம்மாவை அம்மா "அக்கா" என்று கூப்பிடுவார். அவர் அம்மாவை டீச்சர் என்பார். அவருடைய கணவர் லேத் பட்டறை வைத்திருந்தார். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். மூன்று நாள் அந்த அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் மட்டும் அவர் எதையும் வாயில் வைக்க மாட்டார். நாங்கள் குடிவந்த புதிதில், சொந்த ஊர் எது என்று கேட்டார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம் என்றார் அம்மா. ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வந்தது. அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள் குடியிருந்த பக்கத்தை அம்மா ஒளிக்காமல் சொன்னார். "அப்படீங்களா, நல்லதுங்க" என்றார் அக்கா. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவர் அப்போதுதான் காபி குடித்துவிட்டு வந்திருப்பார்.

முதல் கிறிஸ்துமஸுக்கு அம்மா பிரியாணி கொண்டுபோனார். மார்கழி மாதம் கவுச்சி தொடுவதில்லை என்று அக்கா கைகூப்பிச் சொல்லிவிட்டார். நியாயம்தான். அடுத்த வருடம் அம்மா புளிசாதம் செய்தார். கறி சமைக்கிற வீட்டுப் பாத்திரம் என்று அவர்கள் நினைப்பார்களோ என்று, யாரும் கேட்காமலேயே, கைப்பிடி வைத்த ஒரு புதுத் தூக்குப்போசி வாங்கி வந்தார். அதற்குத் தனிக் கரண்டி, மூடிக் கட்டத் தனித் துணி. கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சுக்குப் போகும் முன்பே தலைக்குக் குளித்து, எள்ளை வறுத்துப் பொடித்து, நிலக்கடலையைத் தோல் நீக்கிப் போட்டு அந்தப் போசியை நிரப்புவார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பிரியாணி. அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். சாயங்காலம் போசி கழுவி, உள்ளே ஒரு பிடி சர்க்கரையோடு திரும்பி வரும். "அருமையா இருந்துச்சுங்க டீச்சர்" என்ற பாராட்டும் கூடவே வரும். அம்மாவின் முகம் அன்று முழுக்க மலர்ந்திருக்கும். எனக்கு அந்த மலர்ச்சியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய வருடம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பஸ் நிறுத்தத்தில் அவர்கள் பட்டறையில் வேலை செய்கிறவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வருடா வருடம் உங்கள் வீட்டுப் புளிசாதத்துக்குத்தான் நாங்கள் எல்லோரும் காத்திருப்போம், அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். போசி வந்த கையோடு முதலாளியம்மா அதைப் பட்டறைக்கு அனுப்பிவிடுவாராம். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அன்று ஆபீஸில் ஒரு வேலையும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் இரண்டு குடும்பமும் அவர்கள் காரில் வால்பாறை போவதாக ஏற்பாடு. நான் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அதை இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா விடியற்காலையில் எழுந்து மறுபடியும் அதே போசியில் புளிசாதம் கட்டினார். அக்கா வீட்டிலிருந்தும் புளிசாதம்தான் வந்தது. அவர்கள் சமையலம்மா செய்தது, மூடியில் பெயர் வெட்டிய பெரிய எவர்சில்வர் டப்பாவில். இரண்டு பாத்திரங்களும் இருந்த பை என் காலடியில் இருந்தது.

பொள்ளாச்சி தாண்டி இளநீர் குடிக்க இறங்கினார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி நான் காரிலேயே இருந்துகொண்டேன். டப்பாவில் இருந்ததை ஒரு பாலிதீன் பையில் கொட்டி, அம்மாவின் சாதத்தை டப்பாவிலும், அவர்கள் சாதத்தைப் போசியிலும் போட்டு மூடினேன். எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது ஜன்னல் வழியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆழியாற்றில் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தோம். அம்மா போசியைத் திறந்து அக்கா பக்கம் நீட்டினார். முதலில் எங்கள் டப்பாவைக் காலி செய்துவிடுகிறோம், இல்லாவிட்டால் கெட்டுப்போய்விடும் என்றார் அக்கா, வழக்கமான மரியாதையோடு. அம்மா சிரித்துக்கொண்டே எங்களுக்குப் பரிமாறினார்.

முதல் கவளத்தில் அம்மாவின் வாய் நின்றது. தன் தட்டைப் பார்த்தார். பிறகு அக்காவின் தட்டைப் பார்த்தார். பிறகு என்னை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அக்கா ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்குத்தானுங்க எங்க சமையலம்மாவுக்குக் கை வந்திருக்குது" என்று சொல்லி இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார். அம்மா மெதுவாக, குரலே எழும்பாமல் கேட்டார்.

"கடலை பதமா வறுபட்டிருக்குதுங்களாக்கா?"

"நல்ல பதமுங்க டீச்சர்."

என் வாழ்நாளில் அம்மாவை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அது எங்கம்மா செஞ்சதுங்க. நாந்தான் பொள்ளாச்சியில மாத்தி வெச்சேன்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. அவர் கணவர் அணையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அப்பா தொண்டையைச் செருமினார். "அப்படீங்களா கண்ணு" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. பாக்குமட்டைத் தட்டை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுகிறது என்று காரை நிறுத்தச் சொன்னார். அந்த மலைப்பாதையில் யாருக்கும் வருவதுதான். ஆனால் அவர் தொண்டைக்குள் விரலை விட்டதை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அம்மா தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். வேண்டாம், நீங்கள் காரில் உட்காருங்கள் என்று அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, அப்போதும் மரியாதை குறையாமல் சொன்னார். அவர் கணவர் வேறு பாட்டில் கொண்டுவரும்வரை அம்மா மூடி திறந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றார். காருக்குள் எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம் இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது. வால்பாறையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஐந்து பேரும் சிரித்தபடி எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

வீடு திரும்பியதும் அம்மா போசியைக் கழுவ உட்கார்ந்தார். இனியாவது தெரிந்துகொள்ளட்டும் என்று பஸ் நிறுத்தத்தில் அந்தப் பட்டறை ஆள் சொன்னதையும் கொட்டினேன். அம்மா தலை நிமிரவில்லை.

"தெரியும். மொத வருசமே தெரியும். மூடியில கிரீஸ் கறை ஒட்டிட்டு வந்துது."

தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் அந்தக்கா வாய்க்குள்ள போச்சு. நல்லா இருக்குதுன்னு சொன்னதை என் காதால கேட்டேன். நீ வாய மூடிட்டு இருந்திருந்தா, சாகறவரைக்கும் எனக்கு அது போதுமா இருந்திருக்கும்."

சுவருக்கு இரு பக்கமும் இன்னும் மரியாதையாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர் வந்ததா, கரண்ட் போனதா என்று கேட்டுக்கொள்கிறார்கள். சாப்பாடு மட்டும் சுவரைத் தாண்டுவதில்லை.

அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கும் அம்மா தலைக்குக் குளித்து அந்தப் போசியை நிரப்பினார். எல்லோர் இலையிலும் பிரியாணி விழுந்தது. என் முன்னால் போசியைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் பிரியாணி போடு என்றேன்.

"இதச் சாப்புடு. நீயாவது தெரிஞ்சு சாப்புடு."

இப்போது எனக்குக் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் போனால் இன்றும் எனக்கு அதே போசிதான். பாத்திரத்தின் அடி தெரியும்வரை அம்மா பக்கத்திலேயே நிற்பார். நல்லா இருக்குதும்மா என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். காதில் விழாதவர் போலப் போசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.